அருவியைப் பார்த்துக் காத்திருந்தவர்கள்

பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்கு வரும் பாதை வளைவுகள் நிறைந்தது. ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் பள்ளத்தாக்கு, இடையில் எந்நேரமும் இறங்கக்கூடிய மூடுபனி. முன்னர் தோட்ட மக்களும் கொழுந்து லொறிகளும் மட்டுமே சென்றுவந்த இப்பாதையில் இப்போது உல்லாசப் பயணிகளின் வாகனங்களும் ஓடுகின்றன. தம்பேதென்னைத் தோட்டத்து உச்சியில் தோமஸ் லிப்டன் அமர்ந்து தம் நிலங்களைப் பார்த்ததாகச் சொல்லப்படும் லிப்டன் சீட்டுக்கு இவ்வழியாகவும் ஏறலாம். கொஸ்லாந்தைக்கு அருகே 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும அருவியின் மேற்பகுதிக்குச் செல்வோரும் இவ்வழியே வருகின்றனர். வருவோர் படம் எடுப்பர், தேநீர் அருந்துவர், மாலைக்குள் எல்லவுக்கோ அப்புத்தளைக்கோ போய்விடுவர். ஆலயத்தின் பக்கம் அவர்கள் திரும்புவது அரிது.

ஆகவே, தவக்காலத்து ஞாயிறு ஒன்றில் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருக்கையில், வெளிநாட்டுக் குடும்பமொன்று ஆலய முற்றத்தில் தயங்கி நிற்பதைக் கண்டபோது வழி கேட்க வந்தவர்கள் என்றே எண்ணினேன். எழுபதைத் தாண்டிய வெள்ளைக்கார முதியவர் ஒருவர். நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர். அவருடைய கணவரும் இரு பிள்ளைகளும். அந்தப் பெண்ணின் முகம் நம் தோட்டத்துப் பெண்களின் முகமாகவே இருந்தது. பூசைக்கு வந்திருந்த ஒரு பாட்டி அவரிடம் தமிழில் ஏதோ கேட்டுவிட்டு, பதில் வராததால் வியந்து என்னைப் பார்த்தார். அப்பெண் நெதர்லாந்திலிருந்து வந்திருந்தார். முதியவர் அவரை வளர்த்த தந்தை.

குருமனையில் தேநீர் அருந்தியபோது முதியவர் தம் பையிலிருந்து பழைய படத்தொகுப்பு ஒன்றை எடுத்தார். 1984ஆம் ஆண்டு அவரும் இப்போது மறைந்துவிட்ட அவருடைய மனைவியும் ஒரு குழந்தையைத் தத்தெடுப்பதற்காக இலங்கைக்கு வந்திருந்தனர். வந்த சில நாட்களில் வழக்கு முடிந்துவிடும் என்று அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. நீதிமன்றத் தவணை ஒத்திவைக்கப்பட்டது. பின்னர் மீண்டும் ஒத்திவைக்கப்பட்டது. விடுதி அறைக்குள் அமர்ந்து எத்தனை நாள் சுவரைப் பார்ப்பது? வாகனச் சாரதி ஒருவர் நாட்டைச் சுற்றிக் காட்டுவதாகச் சொன்னார். புறப்பட்டுவிட்டார்கள்.

தொகுப்பைப் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். சீகிரியாக் குன்று. கண்டி வாவி. பின்னவலையில் யானைக் குட்டிகளுக்குப் புட்டிப்பால் ஊட்டும் காட்சி. தாயை இழந்த யானைக் குட்டிகளுக்கென 1975இல் தொடங்கப்பட்ட இடம் அது. நுவரெலியாவின் மலர்த்தோட்டம். பின்னர் ஊவா: தெமோதரைக்கு அருகிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம், அப்புத்தளையில் மேகத்துக்குள் பாதி மறைந்த அடிசம் மாளிகை. (ஆங்கிலேயப் பிரமுகர் சர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் எழுப்பிய அம்மாளிகை இன்று புனித பெனடிக்ற் சபைத் துறவியரின் மடமாக இருப்பதை வாசகர் பலர் அறிவர்; அங்கு செய்யப்படும் பழப்பாகைச் சுவைத்தும் இருப்பர்.) அதன் பின் தியலும. அருவியின் அடியில் இளந்தம்பதியர் இருவர் தோள்மேல் கைபோட்டுச் சிரிக்கின்றனர். அடுத்த படத்தில் கூடையைத் தலையில் மாட்டிய கொழுந்துப் பெண்கள் ஐவர், அந்நியரின் கமராவுக்கு முன் கூச்சத்தோடு நிற்கின்றனர்.

கடைசி நான்கு பக்கங்களில்தான் குழந்தை வருகிறது.

“இந்த ஐவருள் ஒருத்தி என் அம்மாவாக இருக்க முடியுமா, ஃபாதர்?” என்று அப்பெண் ஆங்கிலத்தில் கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. அவருடைய கோப்பில் தாயின் ஊர் என்ற இடத்தில் பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம் என்று மட்டுமே இருந்தது. தாயின் பெயராக எழுதப்பட்டிருந்தது நம் தோட்டங்களில் பிரட்டுக்களத்தில் நின்று அழைத்தால் பத்துப் பேர் திரும்பிப் பார்க்கக்கூடிய பெயர். படத்திலுள்ள முகங்களை நானும் உற்றுப் பார்த்தேன். என்ன சொல்வது? முடியாது என்று சொல்லவும் என்னால் இயலவில்லை.

அன்பார்ந்த வாசகர்களே, இது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமன்று. 1970களிலிருந்து 1990கள் வரை ஏறத்தாழ 11,000 குழந்தைகள் இலங்கையிலிருந்து தத்துப்பிள்ளைகளாக ஐரோப்பிய நாடுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. நெதர்லாந்து, சுவீடன், சுவிற்சர்லாந்து, ஜேர்மனி, பிரித்தானியா எனப் பல நாடுகளிலிருந்து தம்பதியர் வந்தனர். வந்தவர்கள் நீதிமன்றக் கட்டளை கிடைக்கும்வரை வாரக்கணக்கில் தங்க நேர்ந்தது; தங்கிய நாட்களில் நாட்டைச் சுற்றிப் பார்த்தனர். இதில் குற்றம் காண்பதற்கு ஒன்றுமில்லை. பிறக்கப்போகும் தங்கையின் பெயரை முன்கூட்டியே பழகும் சிறுவரைப்போல, தம் பிள்ளை பிறந்த மண்ணை அறிந்துகொள்ள அவர்கள் விரும்பியிருக்கலாம்.

ஆனால் அதே நாட்களில் இன்னொரு காத்திருப்பும் இருந்தது. அதைப் படம் எடுத்தவர் எவருமில்லை.

குருப்பட்டம் பெற்ற தொடக்க ஆண்டுகளில் ஊவாவின் வேறொரு பங்கில் உதவிக் குருவாகப் பணியாற்றினேன். அங்கு ஒரு மூதாட்டி ஆண்டுதோறும் ஆவணி மாதத்தில் பூசைக் காணிக்கையுடன் வருவார். “சாமி, வெளிநாட்டுல இருக்கிற ஒரு புள்ளைக்காகப் பூசை வையுங்க” என்பார். முதல் ஆண்டு பெயரைக் கேட்டேன். “பேரு இல்லீங்க சாமி. வைக்கிறதுக்குள்ள கொண்டுபோயிட்டாங்க” என்றார். இளங்குருவாகிய எனக்கு அன்று அவசரம். அடுத்த தோட்டத்தில் பூசை. ‘தனிக் கருத்துக்காக’ என்று ஏட்டில் எழுதிவிட்டு எழுந்துவிட்டேன். மூன்றாம் ஆண்டில்தான், அதுவும் மழைக்கு ஒதுங்கி நின்றமையால், அவர் கதையைக் கேட்க நேர்ந்தது.

கணவர் விட்டுச் சென்றபின் பிறந்த குழந்தை. லயக்காம்பராவில் ஏற்கெனவே மூன்று பிள்ளைகள். வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண், வெளிநாட்டார் பிள்ளையைப் படிக்கவைப்பார்கள் என்றும், பதினெட்டு வயதில் பார்க்க வருவான் என்றும், ஆண்டுதோறும் படம் அனுப்புவார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். நகரத்தில் ஒரு வீட்டில் வேறு சில தாய்மாருடன் இவரையும் தங்கவைத்தார்கள். தவணை தள்ளிப்போனது. அந்த நாட்களில் அவர் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். நீதிமன்றத்தில் பெருவிரல் அடையாளம் வைத்தார். படம் ஒன்றுகூட வரவில்லை. பதினெட்டு ஆண்டுகள் கழிந்தபின் ஏமாற்றத்தை உணர்ந்தாரோ என்னவோ, பூசைக்குக் காணிக்கை கொடுக்கத் தொடங்கியிருந்தார்.

தவணை தள்ளிப்போன நாட்களில் ஒரு வீட்டார் அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தனர். ஒருத்தி பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரே நாளுக்காகவே காத்திருந்தனர். அந்த நாள் விரைந்து வரவேண்டுமென்று ஒருவர் வேண்டினார். மற்றவர் என்ன வேண்டியிருப்பார் என்பதைத் தாய்மார் அறிவர்.

நம் தோட்டப் பெண்களிடம் பிள்ளையைக் கேட்பது ஏன் அத்தனை எளிதாயிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. 1970களின் முற்பகுதியில் தோட்டங்களில் பட்டினி நிலவியது. 1983இன் வன்செயல் பதுளையையும் எரித்தது. அடையாள அட்டை இல்லாதவர், எழுத வாசிக்க அறியாதவர், நீதிமன்ற மொழி புரியாதவர் எந்தத் தாளில் பெருவிரல் வைத்தார் என்பதை யார் அவருக்கு விளக்கினார்? குடியுரிமைச் சிக்கல் சட்டப்படி முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வறுமைக்குள் வாழ்ந்த சிங்களத் தாய்மாரும் இதே வலையில் விழுந்தனர் என்பதை மறைப்பது நீதியாகாது. இக்கண்ணீருக்கு இனபேதம் இருக்கவில்லை.

1987இல் குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அடைத்து வைத்திருந்த இடமொன்றைப் பொலிஸார் கண்டுபிடித்ததன் பின், அரசு வெளிநாட்டுத் தத்தெடுப்பைச் சிறிது காலம் நிறுத்தியது. 1992இல் சட்டம் திருத்தப்பட்டு விதிகள் இறுக்கப்பட்டன. 1993 மே 29 அன்று ஹேக் நகரில் உருவான பன்னாட்டு உடன்படிக்கையை முதலில் ஏற்று நடைமுறைப்படுத்திய நாடுகளுள் இலங்கையும் ஒன்று. 1995 மே முதலாந் திகதி முதல் அது நம்மைக் கட்டுப்படுத்துகிறது. 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று பழைய மோசடிகளை வெளிக்கொணர்ந்தது. பொய்ப் பிறப்புச் சான்றிதழ்கள், மாற்றப்பட்ட திகதிகள், நீதிமன்றத்தில் தாயாக நிற்பதற்குப் பணம் பெற்ற ‘நடிப்புத் தாய்மார்’ என யாவும் வெளிவந்தன. பல்லாண்டு தேடித் தாயைக் கண்டுபிடித்து, கட்டித் தழுவி அழுது, பின்னர் மரபணுச் சோதனையில் இவர் தாயல்லர் என்று அறிந்தவர்கள் உண்டு. 2020 டிசம்பரில் சுவிஸ் அரசு தன் தவறுக்கு வருத்தம் தெரிவித்தது. 2021 பெப்ரவரியில் நெதர்லாந்தில் வெளியான விசாரணை அறிக்கையின்பின் அந்நாடு வெளிநாட்டுத் தத்தெடுப்பை இடைநிறுத்தியது. 2024இல் அதைப் படிப்படியாக முற்றாக முடிவுக்குக் கொண்டுவரவும் தீர்மானித்தது.

இவற்றை அறிந்தபின், தத்தெடுப்பதே பாவம் என்று எவரும் எண்ணிவிடலாகாது. திருவிவிலியம் அவ்வாறு கற்பிக்கவில்லை. பெற்றோரை இழந்த எஸ்தரை மொர்தக்காய் மகளாக வளர்த்தார். யோசேப்பு தமக்குப் பிறவாத மகனுக்குப் பெயரிட்டு, அதனால் சட்டப்படி தந்தையானார். தாவீதின் குலத்துக்கு ஆண்டவர் உரியவராவது அந்த ஏற்பினால்தான். நாமனைவரும் கடவுளின் பிள்ளைகளாவதையே பவுலடிகளார் தத்தெடுப்பின் மொழியில் விளக்குகிறார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022 சனவரி 5 அன்று தம் பொது மறைக்கல்வி உரையில், குழந்தையில்லாத தம்பதியர் தத்தெடுக்க அஞ்சவேண்டாமென ஊக்குவித்தார். அதற்கான நடைமுறைகளை எளிதாக்குமாறும் அதே வேளையில் கண்காணிப்புடன் செயற்படுமாறும் அதிகாரிகளைக் கேட்டுக்கொண்டார்.

ஆயினும் இவ்விடயத்தில் எனக்கு நெருக்கமானது மோசேயின் கதை. விடுதலைப் பயண நூலின் இரண்டாம் அதிகாரத்தை ஆறுதலாக வாசித்துப் பாருங்கள். பார்வோனின் மகள் நல்லவள். நீராட வந்தவள், அழும் குழந்தையைக் கண்டு இரங்குகிறாள். இது எபிரேயக் குழந்தை என்பதையும் உடனே அறிந்துகொள்கிறாள். அதை மறைக்கவில்லை. சற்றுத் தொலைவில் அக்காள் நிற்கிறாள். அவள் ஓடிப்போய் அழைத்து வருவது குழந்தையின் சொந்தத் தாயையே. அந்தத் தாய் கூலி பெற்றுத் தன் பிள்ளைக்கே பால் கொடுக்கிறாள். கூலிக்குப் பாலூட்டிய அத்தாயைத் தியானிக்கும்போதெல்லாம் நகரத்து வீடொன்றில் தவணைக்காகக் காத்திருந்த நம் தோட்டத்துத் தாய் என் கண்முன் வருகிறார். பிள்ளை வளர்ந்ததும் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். இளவரசி அவனுக்கு மோசே என்று பெயரிடுகிறாள். தாய் அவனை எந்தப் பெயரால் அழைத்தாள் என்பதை அவ்வதிகாரம் சொல்லவில்லை. ஆனால் வளர்ந்த மோசே தன் இனத்தாரிடம் சென்று அவர்களுடைய பாரச்சுமையைக் கண்டான் என்று சொல்கிறது. அரண்மனையில் வளர்ந்தவனுக்குத் தன் மக்கள் யாரென்று தெரிந்திருந்தது. யாரோ அவனுக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள்.

திருச்சபைச் சட்டமும் இந்த உண்மையை மதிக்கிறது. நாட்டுச் சட்டப்படி தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளைத் தத்தெடுத்தோரின் பிள்ளைகளாகவே 110ஆம் சட்டம் கருதுகிறது. அவர்கள் எவ்விதத்திலும் இரண்டாந்தரப் பிள்ளைகள் அல்லர். திருமுழுக்கு ஏட்டைப் பற்றிய 877ஆம் சட்டமோ, தத்தெடுத்தவரின் பெயருடன், நாட்டின் குடியியல் பதிவில் அவ்வாறு பதியப்படுமாயின், பெற்றவரின் பெயரையும் எழுதச் சொல்கிறது. பெற்றவரை அழித்துவிட்டு வளர்த்தவரை எழுதுவது திருச்சபையின் நோக்கமன்று.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. இன்றும் என்னிடம் வருகிறார்கள். கொழும்பிலிருந்தும், சில வேளை கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வரும் நம் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள். பல்லாண்டு மருத்துவம் செய்து களைத்தவர்கள். மடுத் திருத்தலத்திலும் வேளாங்கண்ணியிலும் நேர்ச்சை வைத்தவர்கள். அவர்களுடைய துயரத்தைக் குறைத்து மதிப்பிட எனக்கு உரிமையில்லை. விடுமுறைக்கு எல்ல பார்க்க வந்த வழியில் குருமனையில் இறங்கி, “தோட்டத்தில் கஷ்டப்பட்ட பிள்ளை ஏதும் இருந்தால் சொல்லுங்கள், ஃபாதர், நாங்கள் ராசா மாதிரி வளர்ப்போம். கோடு கச்சேரி வேண்டாம், மருத்துவமனையிலேயே எங்கள் பெயரில் பதிந்துகொள்ளலாமாம்” என்கிறார்கள். நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். அந்த முதியவரும் 1984இல் நல்ல மனத்தோடுதான் வந்தார்.

நான் அவர்களுக்குச் சொல்வது இது. பொய்ப் பிறப்புச் சான்றிதழோடு வளரும் பிள்ளைக்கு முதல் நாளிலேயே ஒரு களவு நிகழ்ந்துவிடுகிறது. இந்நாட்டில் 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளைகள் மகவேற்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம் இருக்கிறது. மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது. நீண்ட பாதைதான், அலுப்பூட்டும் பாதைதான். வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள், வருமானம் கேட்பார்கள், அயலவரிடமும் கேட்பார்கள். கேட்கட்டும். தமிழகத்து உறவினருக்கு இன்னொன்றும் சொல்லலாம். இந்தியாவில் 1956ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்புச் சட்டம் கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. ஆகவே நம்மவர் நெடுங்காலம் 1890ஆம் ஆண்டின் சட்டப்படி காப்பாளராக மட்டுமே இருக்க முடிந்தது. 2000ஆம் ஆண்டின் இளையோர் நீதிச் சட்டமும் அதன் 2006ஆம் ஆண்டுத் திருத்தமும்தான் கிறிஸ்தவப் பெற்றோர் முழு உரிமையுடன் தத்தெடுக்க வழி திறந்தன. பழைய எண்ணத்தில் ‘நமக்கு முடியாது’ என்று இன்னமும் இருப்போர் அறிந்துகொள்வது நன்று.

ஹேக் உடன்படிக்கையின் அடிப்படை ஒன்று எனக்கு நற்செய்தியைப்போலவே படுகிறது. பிள்ளை முதலில் தன் குடும்பத்திலேயே வளர வழி தேடவேண்டும்; அது இயலாதபோது தன் நாட்டில்; அதுவும் இயலாதபோதுதான் பிற நாடு. 2014 ஒக்ரோபர் 29 காலையில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தபோது இதை நேரில் கண்டோம். பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பிழைத்தனர்; திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு இருந்தது. இடம்பெயர்ந்தவர்கள் பூனாகலைப் பாடசாலையிலும் தங்கினர். பிள்ளைகளை எடுத்து வளர்க்க விரும்புவதாக அந்நாட்களில் எனக்கும் அழைப்புகள் வந்தன. ஆனால் அம்மாயியும் பெரியம்மாவும் சித்தியும் வந்து நின்றார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்குள் ஏழு பேர் இருந்தாலும் எட்டாவதாக ஒரு பாய் விரிக்கப்பட்டது. 2023 மார்ச்சில் இங்கே கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்தபோதும் அவ்வாறே. பிள்ளையை எடுத்துச் செல்ல வருவோர், அந்தப் பாயை விரித்த கைக்கு மாதம் ஒரு தொகையை அனுப்ப முன்வந்தால் என்ன? இதைக் கேட்டதும் மௌனமாகும் குடும்பங்களும் உண்டு. இன்றுவரை தவறாது அனுப்பும் இரண்டு குடும்பங்களும் உண்டு.

மீண்டும் அந்த ஞாயிற்றுக்கு வருகிறேன். 1984ஆம் ஆண்டையும் அதன் முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளையும் சேர்ந்த திருமுழுக்கு ஏடுகளை எடுத்து வைத்தேன். செல்லரித்த தாள்களில் அப்பெண்ணும் நானும் விரல் வைத்து வரிவரியாகத் தேடினோம். அத்தாயின் பெயர் நான்கு இடங்களில் வந்தது. நான்கும் வேறு வேறு தாய்மார். நால்வரின் பிள்ளைகளும் இவ்வூரிலேயே வளர்ந்தவர்கள். அந்த மூதாட்டியைப் பற்றியும் சொன்னேன். அவர் கொடுத்தது ஆண் குழந்தை. ஆகவே இவர் தேடும் தாய் அவரல்லர். அவர் இன்று உயிரோடும் இல்லை. ஆனாலும் அப்பெண் அவரைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டார். எந்த மாதம் பூசை கேட்பார்? எவ்வளவு காணிக்கை? மற்ற மூன்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தாரா? தெரிந்தவற்றைச் சொன்னேன். தம் பிள்ளைகளைத் தேடும் தாய்மாரிடம் மரபணு மாதிரி பெறும் முயற்சிகள் இப்போது இந்நாட்டிலும் நடைபெறுகின்றன. அவ்விடத்தில் தம் மாதிரியையும் கொடுத்திருப்பதாக அவர் கூறினார்.

முதியவர் அதுவரை அதிகம் பேசவில்லை. தொகுப்பை மூடிவிட்டு, “இந்த நாட்டில் கழித்த அந்த ஐந்து வாரங்கள்தான் எங்கள் வாழ்வின் மிக மகிழ்ச்சியான நாட்கள் என்று என் மனைவி இறக்கும்வரை சொல்வாள், ஃபாதர். இப்போது இதைத் திறக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது” என்றார். மகள் அவர் கையைப் பிடித்து, தொகுப்பை மறுபடி திறந்து, அருவிப் படத்தில் சிரிக்கும் இளம்பெண்ணைத் தன் பிள்ளைகளுக்குக் காட்டினார். “இது உங்கள் பாட்டி” என்று அவர் சொன்னது மொழி தெரியாத எனக்கும் விளங்கியது.

புறப்படுமுன், தம்மைப் பெற்றவருக்காக ஆண்டுதோறும் ஒரு திருப்பலி ஒப்புக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். எந்த நாளில் என்றேன். பிறந்த நாளைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கோப்பிலுள்ள பிறந்த நாள் உண்மைதானா என்பது தமக்குத் தெரியாது என்றார். சற்று யோசித்துவிட்டு, கொழுந்துப் பெண்கள் ஐவரும் நிற்கும் படத்தைத் தொகுப்பிலிருந்து மெதுவாக உரித்தெடுத்துத் திருப்பினார். பின்புறத்தில் அவருடைய வளர்ப்புத் தாய் பேனாவால் இடத்தையும் நாளையும் எழுதி வைத்திருந்தார். 1984 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. அந்த நாளையே பூசை ஏட்டில் குறித்துக்கொண்டேன்.